உள்ளே போகும் தோட்டா

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களுக்கு முன், பர்மிங்காமில் செய்யப்பட்ட பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை உரிமத்துடன் வாங்கினேன். பன்னிரண்டு போர் (bore, குழல் துளையின் அளவு), குழல்கள் பக்கம்பக்கமாக அமைந்த பாக்ஸ்லாக், அதாவது சுடும் பொறி பெட்டிபோன்ற உடலுக்குள் அமைந்த வகை. கட்டையின் மெருகு மங்கிவிட்டது. குழல்களின் கருப்பும் தேய்ந்துவிட்டது. இரண்டையும் புதிதுபோல ஆக்க என்ன பூசலாம்? இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த குழல்கள் ஆபத்தானவை என்கிறார்களே, உண்மையா? கிளப்பில் எல்லோரும் போடும் 70 மில்லிமீட்டர் தோட்டாக்களையே நானும் போடுகிறேன். தடையில்லாமல் உள்ளே போகின்றன. தோள்தான் கொஞ்சம் வலிக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையின் மேல், தோட்டா உட்காரும் அறையின் நீளத்தை அளக்கும் ஒரு பித்தளை அளவி கிடந்தது. இழுப்பறையை ஒழுங்குபடுத்தும்போது அகப்பட்டது. அதை எனக்குக் கொடுத்த பெரியவரைப் பற்றி இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போதும்: இரண்டு துளி, உள்ளங்கைச் சூடு, நிறையப் பொறுமை. வார்னிஷ் பூசினீர்கள் என்று கேள்விப்பட்டால் உங்களோடு பேசமாட்டேன். குழல்களைக் கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கிக் கருப்பேற்ற யாரிடமும் கொடுக்காதீர்கள். குழல்களுக்கிடையிலுள்ள பட்டையை ஒட்டவைத்திருக்கும் ஈயப்பற்றை அந்தக் காரம் தின்றுவிடும். முறுக்குக் குழல் என்பதாலேயே எதுவும் வெடித்துவிடாது. குழலின் சுவர் எவ்வளவு தடிமனாக மீந்திருக்கிறது, அடியிலுள்ள ப்ரூஃப் முத்திரை (அழுத்தச் சோதனையில் தேறியதன் அடையாளம்) பழைய கருப்பு வெடிமருந்துக்கு மட்டுமா, இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குமா என்பவைதான் கேள்விகள். பழைய துப்பாக்கிகளை அறிந்த ஒருவர் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஆனால் 'தடையில்லாமல் உள்ளே போகின்றன' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான்கு முறை வாசித்தேன். போகாமல் என்ன செய்யும்? தோட்டாவின் மேல் அச்சிட்டிருக்கும் 70 என்பது, சுட்டு முடிந்து வாய் விரிந்தபின் அதன் கூடு கொள்ளும் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடித்து மூடப்பட்டிருப்பதால் அது 60 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உங்களுடையதைப் போன்ற துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டரை அங்குல அறையோடு, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தோடு, செய்யப்பட்டவை. மில்லிமீட்டரில் 65 என்று வழங்குவார்கள். நீங்கள் விசையை இழுக்கும் கணத்தில் கூடு முன்னோக்கி விரிந்து, அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் கூம்புக்குள் தன் உதட்டை நீட்டுகிறது. அந்த நெருக்கடியான வாயின் வழியாகத்தான் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான ரவை அத்தனையும் பிதுங்கி வெளியேற வேண்டும், அழுத்தம் ஏறுகிறது. அதை முதலில் தாங்குவது துப்பாக்கி. பிறகு உங்கள் தோள்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. என் முதல் இரட்டைக்குழல் துப்பாக்கியில் நானும் ஒரு பருவம் முழுவதும் இதையே செய்தேன், உங்களைப் போலவே 'உள்ளே போகிறதே' என்ற நிம்மதியோடு. பிறகு ஒருநாள் இலக்காக வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் தன் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். நான் என் பையிலிருந்து தோட்டாவை எடுத்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. குனிந்து, நான் சுட்டுப் போட்டிருந்த வெற்றுக் கூடு ஒன்றைப் பொறுக்கித் தன் துப்பாக்கியின் அறைக்குள் நுழைத்தார். அது முழுவதும் இறங்காமல், பித்தளை விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதை என் முகத்துக்கு நேரே காட்டினார். அவ்வளவுதான். (அதைச் சரியான சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அளவியால்தான் அளக்க வேண்டும்.) அந்த வாரமே என் துப்பாக்கியைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் அதை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். குழல்களின் பின்முகத்துக்கும் இயக்கப் பகுதிக்கும் நடுவே மயிரிழை போல ஒளி தெரிந்தது: மூட்டு தளர்ந்துவிட்டிருந்தது. அதற்கு என்னைத் தவிர வேறு யாரையும் நான் குறை சொல்ல முடியாது.

அடுத்த சந்திப்பில் பெரியவர் இந்த அளவியைக் கொடுத்தார். இப்போது அவர் இல்லை.

அறையை 70க்கு நீட்டிவிடலாமே என்று உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். நூறு வருடம் தேய்ந்த குழலில், அழுத்தம் மிகுதியாக இருக்கும் இடத்திலேயே இரும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதை மறுபடியும் ப்ரூஃப் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எதற்காக? ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள அந்தத் துப்பாக்கி 28 அல்லது 30 கிராம் ரவைக்காகச் செய்யப்பட்டது, அதைத் தன் போக்கில் அழகாகவே சுடும். 65 என்று எழுதியதையோ, இரண்டரை அங்குல அறைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே அச்சிட்டதையோ வாங்குங்கள். 67 என்று எழுதியவற்றிலும் அப்படிச் சில உண்டு. வேறு யாரோ ஒருவரின் உடலுக்கு அளந்து செய்த கட்டை என்பதால் அதற்குப் பிறகும் தோள் கொஞ்சம் வலிக்கலாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'உள்ளே போகிறது' என்பதற்கு இன்னொரு கொடிய முகமும் உண்டு. இருபது போர் தோட்டா பன்னிரண்டு போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் கூம்பில் சிக்கிக்கொள்ளும். குழல் காலியாக இருக்கிறது என்று நினைத்து அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டவர்களின் குழல்கள், இடது கை பிடித்திருக்கும் இடத்துக்கு அருகிலேயே கிழிந்திருக்கின்றன. இரண்டு அளவுத் தோட்டாக்களையும் ஒரே பைக்குள் வைக்காதீர்கள். கோபமாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான், அந்த இடது கை உங்களுடையது என்பதால்.

முத்திரைகள் எதைச் சொன்னாலும், இடையில் யாராவது அறையைக் குடைந்திருக்கலாம். ஆகவே இரண்டு குழல்களையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். அதுவரை மீதமுள்ள தோட்டாக்களைக் கிளப் நண்பர்களிடம் கொடுத்துவிடுங்கள். அளந்து சொன்ன எண்களை எனக்கு எழுதுங்கள். எண்ணெயைப் பற்றி அப்போது விரிவாகப் பேசுவோம்.

அன்புடன்.