கப்புக்குக் கிராம் தெரியாது: பொடி பேக்கிங் கேள்வி-பதில்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளும் ஒரே ரகமாக மாறிவிடும். நேற்று வரை சரியாக விழுந்த பொடி இன்றைக்கு ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது, ஏன் ஹாப்பரிலேயே (மெஷினின் மேலே பொடி கொட்டும் கூம்பு) நின்றுவிடுகிறது என்றுதான் பாதிப்பேர் கேட்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் பொதுவாகப் பயன்படும் சிலவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, இட்லிப் பொடி 100 கிராம் பாக்கெட்டுக்குக் கப் ஃபில்லர் (கப்பால் அளந்து போடும் மெஷின்) வாங்கிப் போட்டிருக்கிறேன். காலையில் 104 விழுகிறது, மதியம் 97 விழுகிறது. மெஷின் கொடுத்தவர் மெஷினில் ஒன்றும் இல்லை என்கிறார். ஏமாற்றுகிறாரா? (பாவூர்சத்திரம்)

ஏமாற்றவில்லை. கப்புக்குக் கிராம் தெரியாது, கொள்ளளவு மட்டும்தான் தெரியும். காலையும் மதியமும் அது ஒரே அளவைத்தான் அள்ளிப் போடுகிறது. மாறுவது உங்கள் பொடி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் பொடியை மெதுவாகக் கொட்டி நிரப்பி, ஸ்கேலால் தலை தட்டி எடை பாருங்கள். அப்புறம் டம்ளரை மேசையில் நன்றாகத் தட்டுங்கள். பொடி விளிம்பிலிருந்து ஒரு விரற்கடைக்கு இறங்கும். இறங்கிய இடத்தை நிரப்பித் தட்டி, இனி இறங்காது என்ற நிலையில் தலை தட்டி மறுபடி எடை பாருங்கள். இரண்டாவது எடையை முதல் எடையால் வகுத்தால் வரும் எண்தான் உங்கள் பொடியின் குணம். 1.1 பக்கம் வந்தால் சமர்த்துப் பொடி, கப்பிலேயே ஓட்டலாம். 1.25-ஐத் தாண்டினால் கப் உங்களைப் படுத்தும். எள்ளு சேர்த்து அரைத்த இட்லிப் பொடி, எண்ணெய்ச் சத்துள்ள மிளகாய்த்தூள் எல்லாம் இந்த இரண்டாவது ரகம்தான்.

இப்போது உங்கள் காலைக் கணக்குக்கு வருவோம். ராத்திரி ஹாப்பரில் விட்டுவிட்டுப் போன பொடி தன் பாரத்திலேயே அமுங்கிக் கிடக்கிறது. காலையில் மோட்டாரைப் போட்டதும் அதிர்வில் இன்னும் இறுகுகிறது. அதனால் 104. பத்து மணிக்கு மேல் மில்லிலிருந்து வந்த புதுப் பொடியைத் தட்டுகிறீர்கள். அரைத்த சூடும் காற்றும் போகாத பொடி உப்பலாக இருக்கும். அதனால் 97. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சாயங்காலம் ஹாப்பரைக் காலி செய்து மூடி போட்ட டிரம்மில் கொட்டி வையுங்கள். அரைத்த பொடியைத் தட்டில் பரப்பி, கை வைத்தால் சூடே தெரியாத வரை ஆறவிட்டு, கிளறிவிட்டு எடுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போது முதலில் விழும் பத்துப் பதினைந்து கப்பைப் பாக்கெட்டில் பிடிக்காமல் ஹாப்பருக்கே திருப்பிவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது ஹாப்பர் மட்டம். மூட்டையோடு தூக்கி விளிம்பு வரை கொட்டுவதும், அடியில் தகரம் தெரியும் வரை ஓட்டுவதும் நம் ஊர்ப் பழக்கம். மேலே பாரம் கூடினால் கீழே பொடி நெருங்கும், பாரம் குறைந்தால் நெகிழும். பாதிக்குக் கீழே இறங்காமலும் முக்காலுக்கு மேலே ஏறாமலும் சின்னச் சின்னதாக நிரப்பிக்கொண்டே இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஹாப்பர் உள்பக்கம் இரண்டு கோடு போட்டுவிட்டால் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

கையால் இழுக்கும் மாடல் என்றால் இன்னொன்றும் உண்டு. ஒருவர் வெடுக்கென்று இழுப்பார், ஒருவர் நிதானமாக இழுப்பார். நடுவில் ஆளை மாற்றினால் எடையும் மாறும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் மாற்றியதும் ஐந்து பாக்கெட் எடை போட்டுப் பாருங்கள்.

மல்லித்தூள் ஹாப்பரில் கூடு கட்டி நின்றுவிடுகிறது. ஒரு பையன் சுத்தியலோடு பக்கத்திலேயே நிற்கிறான். வேறு வழி உண்டா? (தென்காசி)

முதலில் அந்தப் பையனிடமிருந்து சுத்தியலை வாங்கி வையுங்கள். தட்டத் தட்டப் பொடி இன்னும் இறுகும். இறுகிய பொடி திடீரென்று சரிந்து விழும்போது அடுத்த நாலு பாக்கெட் கூடுதலாகிவிடும். ஹாப்பருக்குள் மெதுவாகச் சுற்றும் கிளறி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். ஹாப்பரின் சரிவு போதுமான செங்குத்தாக இல்லையென்றால் கிளறி போட்டும் ஓரத்தில் தேங்கும். அப்போது கூம்பை மாற்றுவதுதான் வழி. அடிக்கடி கூடு கட்டும் பொடிக்குக் கப்பை விட்டுவிட்டு திருகு வைத்த ஆகர் ஃபில்லருக்குப் போய்விடுங்கள். அதுவும் கொள்ளளவுக் கணக்குத்தான் என்றாலும், திருகு பொடியைப் பிடித்துத் தள்ளுவதால் சண்டி செய்யும் பொடி அதற்கு அடங்கும்.

கறிவேப்பிலைப் பொடி சாரல் மாதங்களில் மட்டும் கட்டி தட்டுகிறது. வறுப்பதில் ஒரு குறையும் வைப்பதில்லை அண்ணாச்சி. (கடையம்)

வறுப்பதில் குறை இருக்காது, உப்பைப் பாருங்கள் தங்கச்சி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். சாரல் நாளில் கடையத்தில் அதைத் தாண்டுவதற்குச் சொல்லவா வேண்டும்? கல்லுப்பை வெறும் சட்டியில் படபடக்க வறுத்து, ஆறியதும் தனியாகப் பொடித்து, பேக் செய்வதற்குச் சற்று முன்பு கலந்துகொள்ளுங்கள். விடியற்காலை ஈரத்தில் பேக்கிங் வேண்டாம். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் உச்சிப் பொழுதுதான் உள்ளதில் காய்ந்த நேரம். சூடு ஆறாத பொடியை அடைத்து சீல் வைத்தால் பாக்கெட்டின் உள்பக்கம் வியர்க்கும், அதுவும் கட்டியாகும்.

கருப்பட்டித் தூள் சேர்த்த சத்துமாவு போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். கருப்பட்டி உப்பை விட மோசம். அதை அந்த மாதங்களில் கப்பில் ஓட்டவே வேண்டாம், கையால் எடை போட்டு அடைப்பதே உத்தமம்.

தராசே ஒரே பாக்கெட்டுக்கு ஒரு தடவை 100, ஒரு தடவை 105 காட்டுகிறது. கப்பை நம்புவதா தராசை நம்புவதா? (அம்பாசமுத்திரம்)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது 30 கிலோ தராசு, 5 கிராம் 5 கிராமாகத்தான் படிக்கும். முன்னால் உள்ள தகட்டில் e = 5g என்பதற்கு அதுதான் பொருள். இந்த வகைத் தராசில் அந்த e-யின் 20 மடங்குக்குக் கீழே நிறுக்கவே கூடாது. உங்கள் தராசுக்கு அது சரியாக 100 கிராம். அதாவது காய்கறி மூட்டை நிறுக்கும் தராசை அதன் அடிமட்டத்தில் வைத்து வேலை வாங்குகிறீர்கள். இரண்டு மூன்று கிலோ கொள்ளளவில் அரை கிராமோ அதற்கும் குறைவாகவோ படிக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள்.

வாங்கிய பிறகு அதை மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். ஆடாத மேசை, குமிழி நடுவில் நிற்கும் மட்டம், போட்டதும் நிறுக்காமல் கொஞ்ச நேரம் விட்டு ஆரம்பிப்பது, இவை போதும். முத்திரையிட்ட எடைக்கல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து தினமும் காலையில் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். அப்புறம், காலி பவுச்சை வைத்து எடையைக் கழித்துவிட்டுத்தானே நிறுக்கிறீர்கள்? பவுச் ரோல் மாறினால் அந்த எடையும் மாறும்.

எவ்வளவு குறைந்தால் சட்டப்படி தப்பு? பயத்தில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 106 போடுகிறேன். (சங்கரன்கோவில்)

பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளில் தனிப் பாக்கெட்டுக்கு அனுமதித்த வித்தியாசம் இருக்கிறது. 50 முதல் 100 கிராம் வரை 4.5 கிராம். 200 முதல் 300 வரை 9 கிராம். 500 கிராம் முதல் ஒரு கிலோ வரை 15 கிராம். இதைப் பார்த்துவிட்டு "அப்ப 96 போட்டால் போதுமே" என்று கணக்குப் போட வேண்டாம். தனிப் பாக்கெட் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம், ஆனால் மொத்தத்தின் சராசரி அட்டையில் போட்ட எடைக்குக் குறையக் கூடாது. நம் மாநிலத்தில் இதைச் சோதிப்பது தொழிலாளர் துறை.

106 என்பது பயத்துக்குக் கொடுக்கும் விலை. ஆயிரம் பாக்கெட்டுக்கு ஆறு கிலோ பொடியை இனாமாகக் கொடுக்கிறீர்கள். மிளகாயும் எள்ளும் விற்கிற விலையில் ஒரு மாதக் கணக்கைப் பாருங்கள், நல்ல தராசின் விலை அதில் வந்துவிடும். பத்துப் பாக்கெட்டுக்கு ஒரு முறை ஒன்றை எடுத்து நிறுத்து, ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். எண்கள் 99-க்கும் 103-க்கும் நடுவில் ஆடினால் 101-ஐக் குறிவைத்துக் கப்பின் கொள்ளளவைத் திருகி மாற்றினால் போதும். 95-க்கும் 108-க்கும் ஆடினால் கப்பைத் தொடாதீர்கள். முதல் கேள்விக்குச் சொன்ன பதிலுக்குப் போங்கள். விழும் ஒவ்வொரு எடைக்கும் கப்பைத் திருகிக்கொண்டே இருப்பவரின் பாக்கெட்தான் எப்போதும் அதிகமாக ஆடும்.

என் மகன் டெக்சாசில் இருக்கிறான். துப்பாக்கி சுடும் பழக்கம் உண்டு, தோட்டாவை வீட்டிலேயே நிரப்புகிறான். பவுடர் மெஷர் (வெடிமருந்துத் தூளை அளந்து போடும் கருவி) ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு போடுகிறதாம். உங்கள் ஹாப்பர் கதை அதற்கும் பொருந்துமா? (நாங்குநேரி)

பொருந்தும். அதுவும் மேலே ஹாப்பர், கீழே குழி வைத்த உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஹாப்பர் மட்டத்தை ஒரே சீராக வைப்பது, பாரம் தாங்க நடுவில் தடுப்புத் தகடு போடுவது, கைப்பிடியை ஒரே வேகத்தில் இழுப்பது எல்லாம் அங்கேயும் அப்படியே. உருண்டை மணியாக இருக்கும் பவுடர் தண்ணீர் மாதிரி ஓடும். குச்சி குச்சியாக இருப்பது உருளையின் விளிம்பில் மாட்டி நறுக்கென்று வெட்டுப்படும், அளவும் மாறும். அங்கே அளப்பது கிரெயினில். ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம்.

ஆனால் இட்லிப் பொடியில் நாலு கிராம் கூடினால் உங்களுக்குக் காசு நஷ்டம், அங்கே கூடினால் துப்பாக்கியே வெடிக்கும். அளவைப் பவுடர் தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், நண்பர் சொன்னார் என்று எடுக்கக் கூடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். மெஷரில் கொஞ்சம் குறைவாக விழவைத்து, மீதியைத் தராசில் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்ப்பது அவர்கள் வழக்கம், அது நல்ல வழக்கம். குண்டை அழுத்துவதற்கு முன் எல்லாத் தோட்டாக் குப்பிகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும், ஒன்றில் இரண்டு முறை விழுந்திருந்தால் கண்ணில் படும். லீவில் ஊருக்கு வரும்போது இங்கே செய்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிடப் போகிறார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அம்மா சொன்ன ஆழாக்குக் கணக்கில் சாம்பார் பொடி செய்தால் ஒவ்வொரு தடவையும் ருசி மாறுகிறது. (பாளையங்கோட்டை)

எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு மாறவில்லை. அம்மா மல்லியைக் குவித்து அளந்தார்களா, தலை தட்டி அளந்தார்களா என்று கேளுங்கள். மிளகாய் வற்றலை ஆழாக்கில் அளக்கவே வேண்டாம், நீள வற்றலும் குண்டு வற்றலும் ஒரே மாதிரி நிரம்பாது. அம்மா கையாலேயே ஒரு தடவை அளந்து போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் சட்டிக்குப் போகும் முன் சமையலறைத் தராசில் நிறுத்துக் கிராமில் எழுதிக்கொள்ளுங்கள். பெருங்காயமும் வெந்தயமும் நிறுக்க அந்தத் தராசு பத்தாது. அவற்றை மட்டும் ஒரே ஸ்பூனால் தலை தட்டிப் போடுங்கள்.