பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சட்டென்று செய்து தரக்கூடிய இனிப்பும் பானமும் என்ன?

வேலைக்குப் போகிறீர்கள், ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள், மாலையானால் கிரீம் பிஸ்கட்டும் பாட்டில் ஜூஸும் கேட்கிறார்கள், சமையலில் பெரிய பழக்கமில்லை என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வார நாளில் பாகு காய்ச்சுகிற பலகாரம் எதையும் தொடாதீர்கள். அதிரசம், பொரி உருண்டை, கடலை மிட்டாய் எல்லாம் ருசிதான். ஆனால் அரை நிமிஷம் கவனம் பிசகினால் பதம் தப்பிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் கேஸ்காரர் பெல் அடிப்பார். பாகே வேண்டாத இனிப்புகள் நம் வீடுகளில் எத்தனையோ உண்டு. எங்கள் வீட்டு டப்பாவில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

முதலாவது மாலாடு. பொட்டுக்கடலை உருண்டை என்றும் சொல்வோம். ஒரு டம்ளர் பொட்டுக்கடலையை வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டுங்கள். நிறம் மாறக் கூடாது, கையில் எடுத்தால் சூடாக இருந்தால் போதும். இது நமத்துப்போன வாசனை போவதற்காகத்தான். ஆறியதும் மிக்சியில் நைஸாக அரைத்து மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் சர்க்கரையை இரண்டு ஏலக்காயோடு தனியாகப் பொடித்து இதில் கலந்துவிடுங்கள். பழைய கணக்குப்படி முக்கால் டம்ளர், சிலர் சரிக்குச் சரி கூடப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு அரை டம்ளர் தாராளம். கால் டம்ளர் நெய்யை நன்றாகச் சுட வைத்து, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் உருட்ட வேண்டும்.

உருட்டுவதில்தான் விஷயம். மாவை அள்ளியதும் உருட்டப் பார்த்தால் உதிரும். முதலில் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி இறுக்கி, இரண்டு மூன்று தடவை அழுத்திப் பிடியுங்கள். மாவின் மேல் நெய் மினுமினுப்பு தெரியும். அதன்பிறகு உருட்டினால் வழவழவென்று வந்துவிடும். அப்போதும் விண்டு போனால் ஒரு ஸ்பூன் சூடான நெய் விடுங்கள். பால் தெளிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பால் பட்டால் இரண்டு நாளில் ஊசிப்போகும். நெய் மட்டும் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். சின்ன எலுமிச்சை அளவு பிடித்தால் பதினைந்து உருண்டை வரும். ஓர் உருண்டைக்கு ஆறேழு கிராம் சர்க்கரைதான் ஆகிறது.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலில், சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறது. ஒரு நாளைக்கு 1,400 கலோரி சாப்பிடும் பிள்ளைக்குப் பத்து சதவீதம் என்றால் 35 கிராம். பாட்டில் பானத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 100 மில்லிக்கு 10 கிராம் பக்கம் போட்டிருக்கும். 250 மில்லி குடித்தாலே 25 கிராம் போச்சு. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வெல்லம் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்று நினைப்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அடுத்தது எள்ளுருண்டை. பாகு ஊற்றிப் பிடிக்கிற கல்லுருண்டை வேறு, இது இடித்துப் பிடிப்பது. கருப்பு எள்ளைக் கழுவி, கல் மண் இல்லாமல் அரித்து, வடியவிட்டு, வாணலியில் படபடவென்று பொரிகிற வரை வறுங்கள். ஆறியதும் ஒரு கப் எள்ளுக்கு முக்கால் கப் பொடித்த வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். சொரசொரப்பாக இருக்கும்போதே எடுத்தால் எள்ளின் எண்ணெயே போதும், நெய் வேண்டாம், அப்படியே பிடிபடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். என் மகள் எள்ளைக் கண்டால் முகம் சுளிப்பவள். அவள் கையால் பிடித்ததை மட்டும், ‘இது நான் செஞ்சதும்மா’ என்று சாப்பிட்டுவிடுவாள். ஒன்று முட்டை சைஸில் இருக்கும், ஒன்று கோலி சைஸில் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றுமே செய்து வைக்காத நாளில் இனிப்பு அவல். மெல்லிய அவல் என்றால் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போதும், கெட்டி அவல் பத்து நிமிஷம் ஊற வேண்டும். தேங்காய்த் துருவல், வெல்லப்பொடி, ஒரு ஏலக்காய், நறுக்கிய வாழைப்பழம். அவ்வளவுதான், அடுப்பே வேண்டாம்.

பானத்துக்கு வருவோம். வெயில் காலத்துக்கு என் முதல் ஓட்டு பானகத்துக்கு. ராமநவமிக்கு மட்டும் கரைத்துவிட்டு மற்ற நாளெல்லாம் மறந்துவிடுகிறோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் அடியில் மண் நிற்கும். ஒரு எலுமிச்சம்பழச் சாறு, கால் ஸ்பூன் சுக்குப்பொடி, ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. புளிக்கரைசலிலும் செய்வார்கள், பிள்ளைகளுக்கு எலுமிச்சைதான் பிடிக்கிறது. மண்பானையில் ஊற்றி வைத்தால் ஃபிரிட்ஜ் ஞாபகமே வராது. கோயிலில் போடுவதுபோல் பச்சைக் கற்பூரம் போடாதீர்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் கசக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அது தேவையுமில்லை. அரை டம்ளர் கொடுங்கள், முழு டம்ளர் வேண்டாம். மேலே சொன்ன சர்க்கரைக் கணக்கு இதற்கும் உண்டு.

மழைக் காலத்துக்குக் கேழ்வரகு. இரண்டு ஸ்பூன் மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பிறகு அடுப்பில் ஏற்றிக் கிளறுங்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். ஐந்தாறு நிமிஷம் வெந்து, பச்சை வாசனை போய், பளபளவென்று வந்ததும் இறக்கிவிடுங்கள். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றி, கொஞ்சம் ஆறிய பிறகு காய்ச்சிய பால் சேருங்கள். கொதிக்கிற பாலில் கருப்பட்டியோ வெல்லமோ போட்டால் திரிந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தேங்காய்ப்பால், இன்னும் வாசமாக இருக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, தானியங்களில் இதை மிஞ்ச ஆளில்லை. பாலில் கலக்குகிற சாக்லேட் பொடிகளை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் போட்டு விற்காதீர்கள் என்று மத்திய அரசே 2024 ஏப்ரலில் இணையக் கடைகளுக்குச் சொன்னது. அந்த டப்பா இல்லாமல் பிள்ளை வளராதோ என்று கவலைப்பட வேண்டாம்.

மதுரைக்காரர்கள் பருத்திப்பாலைச் சொல்லாமல் விட்டாயே என்று சண்டைக்கு வருவார்கள். விதையை இரவே ஊற வைத்து, ஆட்டி, பால் பிழிந்து, வடிகட்டி... அதெல்லாம் விடிகாலையில் தள்ளுவண்டிக்காரர் செய்யட்டும், நாம் வாங்கிக் குடிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை கையில் நேரம் இருந்தால் மட்டும் கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, அந்த ருசி வீட்டில் வராது, ஆனாலும் செய்யலாம். ஒரு கப் வறுத்துத் தோல் நீக்கிய கடலைக்கு அரை கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக வெல்லம். கரைத்து, வடிகட்டி, காய்ச்சுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். பல்லில் ஒட்டினால் இன்னும் பதம் வரவில்லை. கடலை சூடாக இருக்கட்டும், ஆறிய கடலையைப் போட்டால் கிளறுவதற்குள் பாகு இறுகிவிடும். நெய் தடவிய தட்டில் கொட்டி, சப்பாத்திக் கட்டையால் பரத்தி, சூட்டோடு கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். பாகு கொதிதண்ணீரைவிடச் சூடு கூடியது, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு பொசுக்கும். அதனால் கோடு போட்டு முடிகிற வரை பிள்ளைகள் அடுப்படிக்குள் வரக் கூடாது.

வீட்டுக்கு இன்னும் சின்னப் பிள்ளைகள் வந்தால் இரண்டு எச்சரிக்கை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் துளிகூடக் கூடாது. நாலைந்து வயது வரை முழுக் கடலை கொடுக்காதீர்கள், புரையேறி மூச்சுக்குழலில் போய்விடும், பொடித்துத்தான் தர வேண்டும். ஸ்கூலுக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் எள்ளும் கடலையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள், வகுப்பில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கலாம். டிபன் பாக்ஸுக்கு மாலாடுதான் என்றால் ஒரு சின்ன டிஷ்யூவில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் பாதி பொடியாகிவிடும்.