வாங்கி மூன்றே வாரத்தில் இன்ஜின் போன பழைய கார்: விற்றவரைக் கேட்க முடியுமா?

கேள்வி: பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பாவை அடிக்கடி தர்மபுரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதால், ஓசூரில் ஒரு கார் கன்சல்டிங்கில் பழைய டீசல் கார் ஒன்றை 3,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். பாதிப் பணம் கடன். 'இன்ஜினில் கையே வைக்கவில்லை' என்று வாட்ஸ்அப்பிலும் எழுதினார்கள். மூன்றாவது வாரம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் ஏற்கெனவே விரிசல் இருந்திருக்கிறது, பூசி அடைத்திருக்கிறார்கள் என்கிறார். 1,40,000 ரூபாய் ஆகுமாம். கன்சல்டிங்காரரோ, 'உள்ளது உள்ளபடி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வண்டி வாசலைத் தாண்டினால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார். போலீசுக்குப் போகலாமா? பணம் கிடைக்குமா?

பதில்: இதைப் படித்தவுடன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இனி ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். கழற்றிய ஹெட், பழைய கேஸ்கட், வடித்த கூலன்ட், ஆயில் எதையும் தூக்கிப் போடக் கூடாது. அவசரத்தில் வண்டியைச் சரிசெய்துவிட்டு, வெறும் பில்லோடு வருகிறவர்களுக்கு என்னால் அதிகம் உதவ முடிவதில்லை. உங்கள் சாட்சி அந்த ஹெட்தான்.

பழைய காரின் இன்ஜின் போனது மட்டுமே சட்டப்படி குற்றமோ குறையோ ஆகிவிடாது. பழைய பொருள் பழுதாகத்தான் செய்யும். விற்ற அன்றே அந்தக் குறை இருந்ததா, விற்றவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தே மறைத்தாரா என்பதுதான் வழக்கு. உங்கள் மெக்கானிக் சொன்னது சரியென்றால், மூன்றுக்கும் பதில் அந்த உலோகத்திலேயே இருக்கும். ஹெட் சேரும் இடத்தில் புதிதாகப் பிதுங்கி நிற்கும் சிலிகான், பழைய கரி படிந்த இன்ஜினில் மட்டும் பளிச்சென்று தெரியும் ஸ்பேனர் தடம், ரேடியேட்டர் ஒழுகலை அடைக்க ஊற்றிய பவுடர் கூலன்ட்டில் சேறு போல் தங்கியிருப்பது: இவற்றைத் தேதி தெரியும்படி பக்கத்திலிருந்து படம் எடுங்கள். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அதே வீடியோவில் வர வேண்டும். அப்புறம், விற்றவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொருவரிடம், முடிந்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், எழுத்துப்பூர்வமாக ஒரு ரிப்போர்ட் வாங்குங்கள். 'இன்ஜின் பழுது' என்று மட்டும் எழுதினால் போதாது. விரிசல் எவ்வளவு பழையது, மூன்று வார ஓட்டத்தில் இது வருமா என்பதற்குப் பதில் அதில் இருக்க வேண்டும்.

ஆர்சி நகலோடு போய் வண்டியின் பழைய சர்வீஸ் விவரத்தையும் கேளுங்கள். உங்கள் மீட்டரில் 70,000 கிலோமீட்டர் காட்ட, சர்வீஸ் சென்டரில் எழுதிவைத்த பழைய ஜாப் கார்டு ஒன்றில் 1,10,000 என்று இருந்தால் வழக்கின் முகமே மாறிவிடும்.

'உள்ளது உள்ளபடி' என்ற வரிக்கு வருவோம். அதற்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்கும் பொருளைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பதில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தப் பொருளையே தொழிலாக விற்பவரிடம் வாங்கும்போது, அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 16-ஆவது பிரிவு. நீங்கள் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் அவர் பொறுப்பில்லை. டயர் தேய்மானம் தெரிந்திருக்கும். ஓசூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்ததில் ஹெட்டுக்குள் இருக்கும் விரிசல் எப்படித் தெரியும்?

இந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளலாம் என்று 62-ஆவது பிரிவு சொல்வதைத்தான் அவர் பிடித்துக்கொள்வார். அங்கே நமக்குக் கைகொடுப்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவின்படி, சும்மா வாயைத் திறக்காமல் இருந்தது பொதுவாக மோசடி ஆகாது. தெரிந்த குறையை வேலை செய்து மூடி மறைப்பது மோசடி. மோசடியால் வாங்கிய கையெழுத்து மோசடி செய்தவரையே காப்பாற்ற முடியாது. போதாததற்கு, 'கையே வைக்கவில்லை' என்று அவர்களே எழுதிய செய்தி உங்களிடம் இருக்கிறது. அந்தச் சாட்டை அழிக்காதீர்கள், ஃபோனை மாற்றாதீர்கள்.

வழக்கு எங்கே? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆகவே ஓசூருக்கான மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டாம், தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். குடும்பத் தேவைக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர்தானா என்ற கேள்வி எழாது. இதே காரைத் தெரிந்தவர் ஒருவரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் பொதுவாக நுகர்வோர் ஆணையம் எடுக்காது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

'நான் வெறும் புரோக்கர், விற்றது பழைய ஓனர்' என்று கன்சல்டிங்காரர் பேச்சை மாற்றுவார். பணம் யார் கணக்குக்குப் போனது, டெலிவரி நோட் யார் லெட்டர்ஹெட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுவதே நல்லது. பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்பவர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. அவரிடம் அது இருக்கிறதா என்று நோட்டீஸிலேயே கேட்டுவிடலாம்.

நோட்டீஸ் கட்டாயமில்லை. ஆனாலும் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வண்டியை வந்து பார்த்துக்கொள்ளும்படியும் அதில் அழையுங்கள். அழைத்தும் வராதவர், பிற்பாடு 'எங்களைக் கேட்காமல் பிரித்துவிட்டார்கள்' என்று சொன்னால் எடுபடாது. எடுத்த எடுப்பில் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் மூன்று வாரம் ஓட்டிய வண்டிக்கு ரிப்பேர் செலவும் நஷ்ட ஈடும் கிடைப்பதே எளிது என்பது என் எண்ணம். புகாரில் இரண்டையும் மாற்றுக் கோரிக்கையாக எழுதலாம். அவர் பாதிச் செலவையாவது ஏற்க முன்வந்தால் உடனே தட்டிவிடாதீர்கள். அப்பாவின் மருத்துவமனை நடையை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் நேராகக் கேட்க வேண்டும். டெம்பரேச்சர் முள் ஏறிய பிறகும் தொப்பூரில் ஓட்டினீர்களா? எதிர்தரப்பு முதலில் கேட்கப்போவது அதைத்தான். ஓட்டியிருந்தால் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். விரிசல் பழையது என்று ரிப்போர்ட் சொன்னால் அப்போதும் வழக்கு நிற்கும், நஷ்ட ஈட்டுத் தொகைதான் குறையலாம்.

போலீஸ் விஷயம். இன்றைய நிலையில் போனால் 'சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிடுவார்கள். மீட்டரைத் திருத்தியதற்கோ போலி ஆவணத்துக்கோ ஆதாரம் கிடைத்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318-ஆவது பிரிவில் ஏமாற்றுப் புகார் கொடுக்கலாம். அதுவரை பொறுங்கள். இன்சூரன்ஸையும் நம்ப வேண்டாம், சாதாரண பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது.

கோபத்தில் கடன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். இன்ஜின் போனதற்கும் கடன் கொடுத்தவருக்கும் சம்பந்தமில்லை. தவணை தவறினால் வண்டியைத் தூக்கிப் போவார்கள், அதோடு உங்கள் ஆதாரமும் போய்விடும். வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் தர்மபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். இலவச உதவிக்குத் தகுதி உண்டா என்று சொல்வார்கள். போகும்போது டெலிவரி நோட், ஆர்சி நகல், பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட், மெக்கானிக் ரிப்போர்ட் நான்கையும் எடுத்துப் போங்கள்.