பண்ணை ஒலிபரப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: வேளாண் பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். வானொலியில் விவசாய நிகழ்ச்சி செய்ய ஆசை. நல்ல குரல் இருந்தால் போதுமா? (வாசகி, திருவாரூர்)

ப: குரலைப் பழக்கிக்கொள்ளலாம். வயலில் பார்த்ததைக் காதுக்குப் புரியும்படி எழுதத் தெரிவதுதான் கடினம். 5 நிமிட உரைக்கு 450 சொற்களுக்கு மேல் வேண்டாம். அதற்குள் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். நாற்றங்கால், உரம், பூச்சி மூன்றையும் ஒரே உரையில் திணித்தால் எதுவும் மனத்தில் தங்காது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். ஒரு வாக்கியம் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது; தாள் புரளும் சத்தம் ஒலிவாங்கியில் விழும்.

அகில இந்திய வானொலி நிலையங்கள் அவ்வப்போது எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைத்துத் தற்காலிக அறிவிப்பாளர்களை எடுக்கின்றன. ஆனால் மாதத்தில் சில நாள்தான் வேலை கிடைக்கும். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. மத்திய அரசின் 2006 கொள்கைக்குப் பிறகு வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவையும் சமுதாய வானொலி, அதாவது சுற்றுவட்டார மக்களுக்கான சிறு வானொலி நிலையம், நடத்தலாம். ஒலிப்பதிவு, வெட்டி ஒட்டுதல், நேர்காணல் எல்லாவற்றையும் அங்கே நீங்களே செய்தாக வேண்டும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

கே: வானொலியில் சொன்ன மருந்தளவை நான் ஒருவிதமாகக் கேட்டேன், பக்கத்து வயல்காரர் வேறுவிதமாகக் கேட்டிருக்கிறார். இது ஏன் நடக்கிறது? (வாசகர், லால்குடி)

ப: பெரும்பாலும் தவறு சொன்னவருடையது, கேட்டவரைக் குறைசொல்ல முடியாது. எண்பதும் ஐம்பதும், இருபதும் எழுபதும் இரைச்சலுக்கு நடுவே ஒன்றுபோலவே கேட்கும். ஆகவே எண்ணை இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும்: “ஐம்பது கிராம், அதாவது நூறில் பாதி.”

இதைவிட அதிகம் கெடுப்பது “டேங்குக்கு இவ்வளவு” என்ற பேச்சு. கைத்தெளிப்பான் 10 லிட்டராக இருக்கலாம், பேட்டரி தெளிப்பான் 16 லிட்டராக இருக்கலாம். பதினாறுக்குச் சொன்னதைப் பத்தில் கலந்தால் மருந்து ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும், இலை கருகும். லிட்டருக்கு எவ்வளவு, ஏக்கருக்கு மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் சொல்வதே சரி. தஞ்சைப் பக்கம் ‘மா’ என்ற பழைய நில அளவு இன்னும் புழக்கத்தில் இருப்பதால், ஏறக்குறைய 3 மா ஒரு ஏக்கர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வேப்பங்கொட்டைக் கரைசலை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, துணியில் இரண்டு முறை வடிகட்டி, 200 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பு கலந்து, மாலை வெயில் தாழ்ந்ததும் தெளிக்க வேண்டும். லிட்டருக்கு 50 கிராம் பருப்பு என்ற கணக்கு இது. “வேப்பங்கொட்டை” என்பதைத் தெளிவாக உச்சரிக்காவிட்டால் கேட்பவர் வேப்பெண்ணெய் என்று எடுத்துக்கொள்வார். எண்ணெய்க்கு லிட்டருக்கு 30 மில்லிதான் அளவு. சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் அது மேலே மிதந்துவிடும். வெயிலில் அடித்தால் வேம்பின் சத்து சீக்கிரம் சிதைந்துவிடும் என்ற காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். காரணம் தெரிந்தவர் காலையில் தெளிக்க மாட்டார்.

தவறான அளவு ஒலிபரப்பாகிவிட்டால், மறுநாள் அதே நேரத்தில், நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே திருத்தம் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு நாளும் சொல்ல வேண்டும். அப்போது தவறான எண்ணை மறுபடி உச்சரிக்கவே கூடாது. பாதியில் கேட்கத் தொடங்குபவர் காதில் அதுதான் விழும்.

கே: எங்கள் தாத்தா “ரேடியோ நெல்” என்று ஒரு ரகத்தைச் சொல்வார். அது எது? (வாசகர், மன்னார்குடி)

ப: ஆடுதுறை 27. ஜப்பானிய ரகமான நோரின் 10-ஐயும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. 105 நாள் வயதுடைய குறுவை ரகம். 1960களின் நடுவில் திருச்சி வானொலி இதைப் பற்றித் தொடர்ந்து பேசியதால், தஞ்சை விவசாயிகள் வைத்த பெயர் இது.

வானொலி மட்டுமே இதைச் சாதித்தது என்று நினைக்க வேண்டாம். தஞ்சை அப்போது தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் இருந்தது. வானொலி சொன்ன விதையும் உரமும் கடனும் ஊருக்கு வந்து சேர்ந்தன. கடையில் கிடைக்காத விதையைப் பற்றி ஒலிபரப்பினால் கேட்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். 1966-இல் வானொலி நிலையங்களில் பண்ணை–இல்லப் பிரிவுகள் தொடங்கியபோது, பண்ணை வானொலி அலுவலருடன் வயலுக்குப் போய்ப் பதிவுசெய்யும் நிருபரும் அமர்த்தப்பட்டதன் பயன் இங்கேதான் தெரியும்: ஊரில் என்ன இருப்பு இருக்கிறது என்று நேரில் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தது. அதற்கு முன்பே, 1956-இல், புனே வானொலி 150 கிராமங்களில் கேட்போர் மன்றம் அமைத்து, அரை மணி நேர ஒலிபரப்புகளாக 20 நிகழ்ச்சிகள் நடத்தியது. மன்றத்தின் கேள்விகள் நிலையத்துக்குத் திரும்பி வந்து, அடுத்த நிகழ்ச்சியில் பதில் பெற்றன. அந்தத் திரும்பி வரும் பாதைதான் அதன் உயிர்.

கே: பண்ணை நிகழ்ச்சியால் ஊரெல்லாம் தெரிந்த முகமாகிவிட்டவர் தேர்தலில் நிற்கலாமா? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

ப: நிலையத்தில் மத்திய அரசு ஊழியராக இருந்தால் முடியாது. 1964 நடத்தை விதிகளின் 5-ஆம் விதி கட்சி உறுப்பினராவதையும், பிரசாரத்தையும், போட்டியிடுவதையும் தடுக்கிறது, ஓட்டுப் போடலாம். தற்காலிக அறிவிப்பாளர் தம் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆதாயம் தரும் பதவி (அரசிடம் பணப்பயன் பெறும் பதவி) என்று எதிராளி ஆட்சேபம் எழுப்ப இடம் வைக்காமல், எழுத்துமூலம் விலகி, விலகல் ஏற்கப்பட்ட கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தகுதியை வேட்புமனு பரிசீலனை நாளில் பார்ப்பார்கள். விலக விண்ணப்பித்துவிட்டேன் என்று அப்போது சொல்வது போதாது.

விவசாய இதழியலிலிருந்து மிக உயரம் போனவர் அமெரிக்காவின் ஹென்றி வாலஸ். அயோவாவில் குடும்பத்தின் விவசாய இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1933-இல் வேளாண் அமைச்சரானார், 1941 முதல் 1945 வரை துணைக் குடியரசுத் தலைவர். 1948-இல் தனிக் கட்சி கண்டு அதிபர் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தார். அவரிடம் கவனிக்க வேண்டியது வேறொன்று: இதழில் கலப்பின மக்காச்சோளத்தை ஆதரித்து எழுதிய அதே காலத்தில், 1926-இல், கலப்பின விதை நிறுவனமும் தொடங்கினார். விதை உண்மையிலேயே நல்லது. ஆனால் இன்று ஒலிவாங்கி முன் உட்காருபவர் அப்படியொரு பங்கு வைத்திருந்தால், அந்தப் பயிரைப் பற்றிய நிகழ்ச்சியை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கே: சமுதாய வானொலியில் நாங்களே செய்தி தயாரித்து வாசிக்கலாமா? (வாசகி, தேனி)

ப: கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். உங்கள் ஊர் வானிலை, அணை நீர்மட்டம், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி போன்றவற்றைத் தகவலாகச் சொல்லுங்கள். தேதியைச் சொல்லும்போது கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.