நிதானமான ஆள்

கேள்வி: அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், தேர்தலில் தோற்ற ஹாரி ரீட் என்பவரைச் சூதாட்ட ஆணையத்தின் தலைவராக்கினார்களாம். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளைக் கட்டி மேய்க்க நிதானமான ஆள் அல்லவா வேண்டும்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நிதானமா? 1978-இல் ஜாக் கார்டன் என்ற ஆசாமி, தன் சூதாட்டச் சாதனங்களுக்கு அனுமதி வேண்டி ரீட்டிடம் 12,000 டாலரை நீட்டினார். ரீட் முன்கூட்டியே எஃப்.பி.ஐ.க்குச் சொல்லி வைத்திருந்தார். அறையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "இதுதான் பணமா?" என்று அவர் கேட்டதும் அதிகாரிகள் உள்ளே வர வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்டார்; வந்தார்கள். ரீட் செய்ய வேண்டிய வேலை அதோடு முடிந்தது. ஆனால் அவரோ, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசவோடு, "எனக்கே லஞ்சம் கொடுக்கப் பார்த்தாயா!" என்று கார்டனின் கழுத்தை நெரிக்கத் தொடங்கிவிட்டார். கொடுத்தவரைப் பிடிக்க வந்தவர்கள், வாங்க மறுத்தவரைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. கார்டனுக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது.

இத்தனைக்கும் ரீட் முறையாகக் குத்துச்சண்டை பழகியவர். அதில் கழுத்தை நெரிக்க அனுமதி கிடையாது! பள்ளியில் அவருக்குப் பாடமும் குத்துச்சண்டையும் சொல்லிக் கொடுத்த மைக் ஓகாலகன்தான் பின்னாளில் கவர்னராகி இந்தப் பதவியையும் தந்தவர். வாத்தியார் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நம் பள்ளிகளில் அந்தச் சங்கடமே எழாது. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் ஜூன் மாதத்திலேயே "இன்று ஒருநாள் மட்டும்" என்று கடன் வாங்கிவிடுகிறார். இதை எழுதும்போதெல்லாம் கணக்காசிரியர்கள் காரசாரமாகக் கடிதம் போடுகிறார்கள். கடனைத் திருப்பித் தந்ததாக ஒருவரும் எழுதியதில்லை.

தோற்றவர்தான், மறுக்கவில்லை. துணை கவர்னராக இருந்தவர், 1974 செனட் தேர்தலில் 700-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். மறு ஆண்டு லாஸ் வேகாஸ் மேயர் தேர்தலிலும் தோல்வி. 1977-இல் இந்தப் பதவி. ஆறுதல் பரிசு என்று யாராவது பொறாமைப்பட்டிருந்தால், 1981-இல் குடும்பக் காரில் வெடிகுண்டு பொருத்தியிருப்பதை அவர் மனைவி கண்டுபிடித்தபோது பொறாமை தீர்ந்திருக்கும்.

பிறகு செனட்டுக்குப் போய், எட்டு ஆண்டுகள் பெரும்பான்மைக் கட்சித் தலைவராகவும் இருந்தார். 2021 டிசம்பரில், அவர் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, லாஸ் வேகாஸ் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அங்கே விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பணத்தைத் தொலைக்க வசதியாக, முனையத்துக்குள்ளேயே ஸ்லாட் மெஷின்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாம் உரிமத்தோடுதான்.