முதலில் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள், தம்பி

தம்பி, உங்கள் ஊர் பாறசாலை என்று பார்த்ததும்தான் உங்கள் கேள்வியை நிறுத்தி முழுதாக வாசித்தேன். லண்டனில் குராய்டனுக்கு வந்து ஏழு மாதம், மனைவி நர்ஸ், கையில் சேர்த்து வைத்த 5000 பவுண்டு, சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5, அந்தக் கூரை மடங்கும் ரெண்டு சீட் கார், வாங்க வேண்டும், பழைய தலைமுறை எடுப்பதா புதியது எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, குளிர் உடுப்பு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று நாலைந்து கேள்வி. அதையெல்லாம் உங்கள் மனைவியின் வார்டில் இருக்கும் நம் பக்கத்து நர்ஸ்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளை செக்போஸ்டிலிருந்து வீடு ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லை. இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் கர்க்கடகம், மழை மட்டும் ஒன்றுதான். திண்ணையில் சாயாவை வைத்துக்கொண்டு டைப் அடிக்கிறேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கு இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தலைமுறை, அதிலும் 2009-க்கு அப்புறம் வந்தது, அடிப்பாகம் சுத்தமாக இருந்தால். அந்தக் கடைசி மூன்று சொல்லுக்காகத்தான் மீதி முழுவதும்.

நான் 2005 ஜனவரியில் பிரிட்டனுக்கு வந்தேன். மனைவி அதற்கு முந்தைய வருடமே வந்து ஒரு முதியோர் இல்லத்தில் அடாப்டேஷன், அதாவது வெளிநாட்டு நர்ஸ்களுக்கான பயிற்சி, முடித்திருந்தாள். நான் டிபெண்டன்ட் விசாவில் ஷெஃபீல்டுக்கு வந்து சேர்ந்து, இரவு ஷிஃப்டில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். கடைசி பஸ் போன பிறகு தொடங்குகிற வேலை, முதல் பஸ் வருவதற்கு முன் முடிகிற வேலை. அந்தக் குளிரில் நாலு மைல் நடந்து பார்த்தவனுக்குத்தான் கார் என்றால் என்னவென்று தெரியும். மூன்றாவது மாதம், ரயில் பாலத்துக்கு அடியில் இருந்த ஒரு பழைய கார் யார்டில் 650 பவுண்டுக்கு ஒரு சின்ன ஹேட்ச்பேக் வாங்கினேன். புத்தம்புது எம்.ஓ.டி. சான்றிதழ் இருந்தது. ஊரில் எஃப்.சி. காட்டுவது போல அங்கே மூன்று வயது தாண்டிய கார் எல்லாம் வருடா வருடம் எம்.ஓ.டி. காட்ட வேண்டும். சான்றிதழைக் கையில் வாங்கியதும் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்த நாட்டில் காகிதம் பொய் சொல்லாது என்று நம்பினேன், வந்த புதிதில் நம் ஆட்கள் எல்லோருமே அப்படி நம்புகிறோம்.

அடுத்த வருடம் டெஸ்டுக்குக் கொண்டுபோனேன். டெஸ்டர் என்னை லிஃப்டுக்கு அடியில் கூப்பிட்டார். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதி, அங்கே சில் என்பார்கள், அதைச் சின்னக் கருவி ஒன்றால் தட்டினார். டங் என்று வர வேண்டிய இடத்தில் பொத்தென்று சத்தம் வந்தது. இன்னொரு தட்டு தட்டினார், கறுப்புப் பெயிண்ட் பெயர்ந்து, அதற்குள்ளிருந்து பட்டி உதிர்ந்து, பட்டிக்குள்ளிருந்து கசக்கித் திணித்த செய்தித்தாள் எட்டிப் பார்த்தது. காகிதம் நனைந்து பழுப்பு நிறத்தில் கஞ்சி மாதிரி இருந்தது. அந்தக் காரில்தான் கைக்குழந்தையை வைத்து எம்1 சாலையில் 70 மைல் வேகத்தில் போயிருக்கிறேன்.

எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். ஏனென்றால் இந்த வேலையை நான் பத்து வயதிலேயே பார்த்திருக்கிறேன். அப்பா ஜீப் வைத்திருந்தார். விடியற்காலையில் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீன் ஏற்றி மார்த்தாண்டம் சந்தைக்குக் கொண்டுவருவார். மீன் கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஜீப்பின் தரை அரித்துப்போய், காலடியில் ரோடு ஓடுவது தெரியும். குழித்துறையில் ஒரு டிங்கர் சாக்கையும் பட்டியையும் வைத்து அடைத்துத் தருகிறேன் என்றார். அப்பா சம்மதிக்கவில்லை, தகடு வெட்டி வெல்டிங் வைக்கச் சொன்னார். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடியைக் கழுவி, கழிவு ஆயிலைத் துணியில் நனைத்துத் தேய்ப்பார், நான் கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடிப்பேன். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, வெள்ளைக்காரன் ஊரில் துரு பிடிக்காது என்று நினைத்து ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காமல் 650 பவுண்டை எண்ணிக் கொடுத்தேன்.

பிரிட்டனில் கடல் உங்களைத் தேடி ரோட்டுக்கே வரும், தம்பி. செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற இடத்தில் பூமிக்கு அடியில் கல்லுப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலம் தொடங்கியதும் உறைபனி பிடிக்காமல் இருக்க அந்த உப்பை லாரி லாரியாக ரோட்டில் தூவுவார்கள். நம் பக்கத்துப் புத்தளம் உப்பளத்துக்கு நடுவே கார் ஓட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான், வருடத்தில் நாலைந்து மாதம். ஜப்பானில் செய்த நல்ல இன்ஜின் ரெண்டு லட்சம் மைல்கூட ஓடும், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் தகடு அவ்வளவு நாள் தாங்காது. அதனால்தான் தலைமுறை எது என்பதை நான் துரு வழியாகவே பார்க்கிறேன்.

முதல் தலைமுறை 1989-இல் வந்தது, மேலே எழும்பும் முன்விளக்கு உள்ளது. அந்த விளக்கைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் ஆசை வருகிறது, எனக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு டன்னுக்கும் குறைவான எடை, கையில் சைக்கிள் மாதிரி நிற்கும். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். குராய்டன் 2023 ஆகஸ்ட் 29-லிருந்து யூலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் வந்துவிட்டது. பெட்ரோல் காருக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மாதம் இருபது நாள் எடுத்தால் 250 பவுண்டு, நீங்கள் சேர்த்த பணம் இரண்டு வருடத்துக்குள் அதற்கே போய்விடும். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் சில கார்கள் தேறும், பல தேறாது. கார் எண்ணைப் போட்டால் லண்டன் போக்குவரத்துத் துறை தளத்தில் உடனே தெரியும், வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே பாருங்கள்.

இரண்டாம் தலைமுறையைப் பற்றி எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் வாங்கிய எம்எக்ஸ்-5 அதுதான், 2010-இல், 1400 பவுண்டுக்கு. ஹேட்ச்பேக்கில் பட்ட அடிக்கு அப்புறம் சில், பின்சக்கர வளைவு எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். முன்பக்கத்து சேசிஸ் நீளப் பட்டையைப் பார்க்கவில்லை. அங்கே இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், நடுவில் தண்ணீர் தேங்கி உள்ளேயிருந்து வெளியே அரிக்கும். வெளியில் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. முன் சஸ்பென்ஷன் நிற்பதே அதை நம்பித்தான். இன்னொன்று, துணிக்கூரை மடங்கும் இடத்தில், சீட்டுக்குப் பின்னால் ரெண்டு பக்கமும் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும். இலை விழுந்து அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் சில்லுக்குள்ளும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் இறங்கும். பார்க்கப் போகும்போது சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். விரல் ஈரமானால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மூன்றாம் தலைமுறை 2005-இல் வந்தது. கொஞ்சம் பெரிதாகிவிட்டது, பழைய ரசிகர்கள் கொழுத்துவிட்டது என்பார்கள். அந்தப் பேச்சை விட்டுத்தள்ளுங்கள், 1100 கிலோ பக்கம்தான் எடை. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஸ்டியரிங் இன்னும் ஹைட்ராலிக், ரோடு என்ன சொல்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். 2009 மாற்றத்தில் 2.0 லிட்டர் மேனுவலுக்குக் கிராங்க்‌ஷாஃப்டை வலுப்படுத்தி இன்ஜினை நிமிடத்துக்கு 7500 சுற்று வரை போக விட்டார்கள். துரு இதிலும் உண்டு, பின்சக்கர வளைவைப் பாருங்கள், பின் பிரேக் காலிப்பர் இறுகியிருக்கிறதா பாருங்கள், சஸ்பென்ஷன் போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தால் வீல் அலைன்மென்ட்டே செய்ய முடியாது. நான் 2014-இல் வாங்கியது இந்தத் தலைமுறைதான், இன்றும் அதுவே. ஒவ்வொரு அக்டோபரிலும் அடியைக் கழுவிக் காயவைத்து மெழுகு அடிக்கிறேன். ஷெஃபீல்டிலிருந்து கிளாசப் போகிற ஸ்னேக் பாஸ் மலைப்பாதையில் கூரையைத் திறந்துவிட்டுப் போனால் எனக்குக் கேரளத்துப் பொன்முடி மலைதான் ஞாபகம் வரும், அந்த 22 கொண்டை ஊசி வளைவுகளில் அப்பா ஜீப்பை இரண்டாம் கியரிலேயே ஏற்றிய சத்தம்.

நான்காம் தலைமுறை 2015-க்கு அப்புறம். நல்ல கார், மறுபடியும் ஒரு டன் பக்கம் இறக்கிவிட்டார்கள். உங்கள் 5000-க்கு நல்ல நிலையில் கிடைக்காது. கிடைத்தால் அது அடிபட்டுக் கட்டிய வண்டியாக இருக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிட்ட வண்டிக்குப் போடும் கேட் எஸ், கேட் என் என்ற குறி இருக்கிறதா பாருங்கள். எஸ் என்றால் கட்டமைப்பிலேயே சேதம்.

எந்தத் தலைமுறையானாலும், கார் எண்ணைக் கொடுத்தால் அரசுத் தளத்தில் பழைய எம்.ஓ.டி. முடிவுகள் எல்லாம் இலவசமாக வரும். 2005-இல் எனக்கு இது கையில் இருந்திருந்தால்! பாஸா ஃபெயிலா என்பதோடு நிறுத்தாதீர்கள். கீழே அட்வைஸரி என்று, பாஸானாலும் கவனிக்க வேண்டியதைச் சிறிதாக எழுதியிருப்பதை வருட வரிசையில் வாசியுங்கள். மூன்று வருடம் தொடர்ந்து துரு என்று எழுதி, நாலாவது வருடம் திடீரென்று ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால், ஒன்று வெல்டிங் நடந்திருக்கிறது, இல்லை பூசி மறைத்திருக்கிறார்கள். வெல்டிங் என்றால் போட்டோவும் பில்லும் கேளுங்கள்.

அப்புறம் லைசென்ஸ். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேரள லைசென்ஸை வைத்து அங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், உங்களுக்கு மிச்சம் ஐந்து. நம் லைசென்ஸை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தேற வேண்டும், பிராக்டிகலுக்கு இடம் கிடைக்கவே பல ஊர்களில் மாதக்கணக்காகிறது. இன்றைக்கே தொடங்குங்கள். சுலபம் என்று யாராவது ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் தேறினால் மேனுவல் ஓட்ட முடியாது, எம்எக்ஸ்-5-இன் சுகமே அந்தச் சின்னக் கியர் குச்சியில்தான். ஒரு வருடம் தாண்டியும் பழைய லைசென்ஸில் ஓட்டுகிறவர்கள் நம் ஆட்களில் இருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்று உங்களுக்கும் சொல்வார்கள். லைசென்ஸ் செல்லாவிட்டால் இன்ஷூரன்ஸும் நிற்காது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடித்தால் 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளியும். புதிதாகத் தேறியவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும்.

இன்ஷூரன்ஸ் குறைய, மூத்தவர் யாரையாவது முதல் ஓட்டுநர் என்று போட்டுவிட்டு நீங்கள் ஓட்டுங்கள் என்றும் ஒரு யோசனை வரும். அது மோசடி, தம்பி. விபத்து நடந்தால் பணம் வராது, பாலிசியை ரத்து செய்துவிட்டால் அடுத்த கம்பெனியிலும் அதைச் சொல்லியாக வேண்டும். நம்மைப் போல விசா நம்பி நிற்கிறவர்கள் இதில் விரலே வைக்கக்கூடாது. காரைப் பார்க்கப் போவதற்கு முன் அந்தந்த எண்ணுக்கு இன்ஷூரன்ஸ் விலை எடுத்துப் பாருங்கள். 5000 முழுவதையும் காரில் போடாதீர்கள், 3500-க்குள் காரை முடித்துக்கொண்டு மீதியை அதற்கும் டயருக்கும் வையுங்கள்.

பிள்ளை இருக்கிறவனுக்கு எதற்கு ரெண்டு சீட் கார் என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் வந்த இரண்டாம் வருடமே ஜெர்மன் காரை மாதத் தவணைக்கு எடுத்து, ஊர் கல்யாணத்துக்கு அதன் போட்டோவை அனுப்பிவிட்டு, தவணைக்காக ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி பார்க்கிறவர்கள். எனக்கு அவர்கள்மேல் வருத்தம்தான் உண்டு. சொந்தக் காசில், கடன் இல்லாமல், தானே துடைத்துக் கழுவிப் பார்த்துக்கொள்ளும் ஒரு பழைய கார், அந்த நாட்டில் எனக்குச் சொந்தம் என்று தோன்றிய முதல் பொருள் அதுதான். குடும்பத்தோடு போக பஸ்ஸோ பழைய ஹேட்ச்பேக் ஒன்றோ இருந்துவிட்டுப் போகட்டும்.

இதுவரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். காது சரியாகக் கேட்காது, சத்தமாக வாசித்தேன். அந்தப் பையனுக்கு டார்ச் இருக்கிறதா என்று கேட்டார். பழைய பாய் ஒன்றும் எடுத்துப் போகச் சொல்லுங்கள் என்கிறார், தரையில் விரித்துப் படுக்க.

நான் 18-ஆம் தேதி திரும்புகிறேன். அதற்குள் ரெண்டு மூன்று வண்டி கண்ணில் பட்டால் எண்ணை மட்டும் அனுப்பிவையுங்கள், எம்.ஓ.டி. பழைய முடிவுகளை இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறேன். அட்வான்ஸ் மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.