ஹாவ்லாக்கில் ஒரே ஒரு நாள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜனவரியில் அந்தமான் போகிறோம். நான், மனைவி, 12 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. ஹாவ்லாக் தீவில் இரண்டு இரவு, நடுவில் ஒரே ஒரு முழு நாள். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய திட்டம் இது: 9 மணிக்கு டிபன், 11 மணிக்கு எலிஃபண்ட் பீச், 3 மணிக்குச் சாப்பாடு, 4.30க்கு காலாபத்தர், 5.30க்கு ராதாநகரில் சூரிய அஸ்தமனம். சரியாக வருமா?
– ஈரோடு வாசகர்

பதில்: வராது. 5.30க்கு நீங்கள் ராதாநகரில் போய் இறங்கும்போது சூரியன் போயிருக்கும், இருட்டத் தொடங்கியிருக்கும், கடலுக்குள் நிற்பவர்களை உயிர்காப்பாளர்கள் விசிலடித்து வெளியே வரச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தத் திட்டத்தை ஈரோட்டுக் கடிகாரத்தை மனதில் வைத்து யாரோ போட்டிருக்கிறார்.

நம் நாட்டுக்கு ஒரே நேரம்தான், ஆனால் அந்தமான் நம்மைவிட ரொம்பக் கிழக்கே இருக்கிறது. சென்னை 80 டிகிரி தீர்க்கரேகையில், ஹாவ்லாக் ஏறக்குறைய 93 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் சென்னைக்கு ஐம்பது நிமிடம் முன்னாலேயே அங்கே விடிந்துவிடும், அதே ஐம்பது நிமிடம் முன்னாலேயே இருட்டியும்விடும். ஜனவரியில் காலை ஆறுக்கு முன்பே சூரியன் வந்துவிடும், மாலை ஐந்தேகால் வாக்கில் கடலுக்குள் போய்விடும். இது தெரியாமல் 9 மணிக்கு இட்லிக்குக் காத்திருந்தால், பகலில் மூன்று மணி நேரத்தைத் தின்றுவிட்டுத்தான் நாளையே தொடங்குகிறீர்கள்.

அதனால் நாளைத் திருப்பிப் போடுங்கள். காலாபத்தர் கிழக்குக் கரையில் இருக்கிறது, காலையில்தான் அழகு. அதற்கு 5.15க்கு எழுந்திருக்க வேண்டும். பிள்ளைகள் எழுந்தால் போங்கள், எழவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். மாலையில் அங்கே போவது மட்டும் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் ராதாநகர் தீவின் மறுபக்கம், மேற்குக் கரையில் இருக்கிறது. அந்த இரண்டையும் ஒரே மாலையில் கோத்தவர் வரைபடத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

டிபனை முதல் நாள் இரவே சொல்லிவைத்து சீக்கிரம் முடித்துவிட்டு, எலிஃபண்ட் பீச்சுக்குக் கிடைக்கிற முதல் படகில் போய்விடுங்கள். காலையில் காற்று குறைவு, தண்ணீர் தெளிவாக இருக்கும், பவளப்பாறையும் மீன்களும் நன்றாகத் தெரியும். கூட்டம் வந்து மணலைக் கலக்கிவிட்ட பிறகு கண்ணாடி போட்டுக் குனிந்தாலும் பால் மாதிரிதான் தெரியும். காட்டு வழியாக நடந்தும் போகலாம், ஆனால் சேறும் வேரும் நிறைந்த பாதை, அம்மாவோடு வேண்டாம். படகிலிருந்து இறங்கும்போதும் முழங்காலளவு தண்ணீரில் கால் வைக்க நேரலாம். அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் அவர் காலையில் அறையில் ஓய்வெடுத்துவிட்டு மதியத்துக்கு மேல் ராதாநகருக்கு மட்டும் வரட்டும். “எல்லாரும் எல்லா இடத்துக்கும்” என்று பிடிவாதம் பிடிக்கும் குடும்பங்கள்தான் சாயங்காலம் ஒருவருக்கொருவர் பேசாமல் படகுத்துறையில் உட்கார்ந்திருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் போகும் தேதியில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் அட்டவணையைப் பாருங்கள். போர்ட் பிளேருக்கான அட்டவணையை சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் வெளியிடுகிறது, கைபேசியில் தேடினாலும் கிடைக்கும், ஹாவ்லாக்குக்கும் அது ஏறத்தாழ பொருந்தும். அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே போன வாரம் போய்வந்த மச்சான் “காலை பத்து மணிதான் பெஸ்ட்” என்று சொன்னால், அது அவர் போன வாரத்துக்கு மட்டும்தான் பெஸ்ட். அடுத்த வாரம் அதே பத்து மணிக்குப் பாறை வெளியே தெரியும்படி வற்றிக் கிடக்கும். பாறைமேல் மிதந்தபடி மீன் பார்க்க, தண்ணீர் பாதிக்குமேல் ஏறியிருக்க வேண்டும். வற்றின நேரத்தில் போனால் வயிறு பாறையில் உரசும், கால் ஊன்றினால் பவளம் உடையும், உங்கள் காலும் கிழியும். பவளம் கிழித்த காயம் சட்டென்று ஆறாது.

சரி, மதியம். 11 மணியிலிருந்து 2.30 வரை மணலில் இருக்காதீர்கள். அறைக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களைக் குடியேற்றிய தீவு அது. கோவிந்தநகர், கிருஷ்ணநகர், ராதாநகர் என்று ஊர்ப் பெயர்களே சொல்லும். அதனால் சின்னக் கடைகளில் சோறும் கடுகெண்ணெய் வாசத்தோடு மீன் குழம்பும் நன்றாக இருக்கும். ஹோட்டலில் தோசை கேட்டு ஏமாறுவதைவிட இது மேல்.

3 மணிக்கு ராதாநகரில் இருங்கள். உயர்ந்த மரங்கள் மணல்வரை வந்து நிற்கும், அம்மாவுக்கு நிழலுக்குக் குறைவில்லை. டைம் பத்திரிகை 2004இல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது இதைத்தான், 2020இல் சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது (அடுத்த ஆண்டே நம் சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்கும் கிடைத்தது, அதை யாரும் பேசுவதில்லை). அங்கே இரண்டு மணி நேரம் முழுசாக இருங்கள். ஐந்து மணிக்குள் எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அப்புறம் உட்கார்ந்து சூரியனைப் பாருங்கள்.

ஒரே நாளில் இரண்டு கடற்கரை போதும். மூன்றாவதைப் பார்க்காததால் எந்தக் குடும்பமும் கெட்டுப்போனதில்லை.

கேள்வி: நாங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள், எங்களுக்கே கடலா என்று நினைத்துத்தான் போனோம். நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் மதியம் இறங்கினால் கடலைக் காணோம், பாறையும் பாசியும்தான். ஆனால் படங்களில் நீலமாக ஜொலிக்கிறதே?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: படம் எடுத்தவர் ஏற்றத்தில் எடுத்திருப்பார், நீங்கள் வற்றத்தில் போயிருக்கிறீர்கள். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமிக்குக்கூடக் கடல்மட்ட வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தமானில் அந்த நாட்களில் இரண்டு மீட்டர் வரை போகும். அதோடு பரத்பூரில் கரையை ஒட்டித் தட்டையான பாறைத்தளம் வெகுதூரம் போகிறது. தட்டையான தரையில் இரண்டு மீட்டர் இறங்கினால் கடல் எவ்வளவு தூரம் பின்வாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வருவது, அன்றைக்கு நீங்கள் நஷ்டப்படவே இல்லை. அதே வற்ற நேரத்தில் அதே தீவின் லட்சுமண்பூர் பக்கம் போயிருந்தால் இயற்கைப் பாறைப்பாலத்தின் அடியிலேயே நடந்திருக்கலாம். ஏற்றத்தில் அங்கே போக முடியாது. பாறைக்குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் வெள்ளரியும் நண்டும் குட்டி மீன்களும் கிடக்கும், பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்ப்பார்கள். வழுக்கும் பாறை, ரப்பர் செருப்பு உதவாது, பின்னால் வார் வைத்த செருப்பு வேண்டும். நீல் சின்னத் தீவு, ஒரு ஆட்டோவில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடலாம். வற்றத்துக்குப் பாலம், ஏற்றத்துக்குப் பரத்பூர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்று: 2018 முதல் ஹாவ்லாக்குக்கு ஸ்வராஜ் த்வீப், நீலுக்கு ஷஹீத் த்வீப் என்று பெயர். போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயரைப் பார்த்து, வேறெங்கோ கொண்டுபோகிறார்கள் என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: முதலை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? எனக்கு நீச்சலும் தெரியாது.
– சேலம் வாசகி

பதில்: உண்மைதான். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு, 2010இல் ஹாவ்லாக்கில் கடலில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் முதலை தாக்கி இறந்தார். அதற்காக ஊருக்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. அலையாத்திக் காடு, ஓடை வந்து கடலில் சேரும் இடம், ஆள் இல்லாத மூலை, இந்த மூன்றிலும் இறங்காதீர்கள். இருட்டும் நேரத்தில் எங்கேயும் இறங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. உயிர்காப்பாளர் நிற்கிற இடத்தில், பத்துப் பேர் குளிக்கிற இடத்தில் குளித்தால் போதும்.

நீச்சல் தெரியாதவர் முதலைக்குப் பயப்படுவதைவிட உள்ளிழுக்கும் நீரோட்டத்துக்குப் பயப்படுவது நல்லது. அலை உடைந்து உடைந்து வரும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலையே உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கருத்த நிறத்தில் தெரியும். பார்த்தால் பாதுகாப்பான இடம் மாதிரி இருக்கும், உண்மையில் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வழி அதுதான். அதில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது, தெம்பு போய்விடும். மிதந்துகொண்டு, கை தூக்கி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி நட்டிருந்தால் அந்த இரண்டு கொடிக்கு நடுவில் நில்லுங்கள், முழுச் சிவப்புக் கொடி என்றால் அன்று மணலோடு சரி. மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் அலை கடுமையாக இருக்கும், ராதாநகரும் அதில் சேர்த்தி.

உடை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புடவையோடும் துப்பட்டாவோடும் இடுப்பளவு தண்ணீரில் நிற்பது ஆபத்து, நனைந்த துணி காலைச் சுற்றும். லெக்கிங்ஸ், முழுக்கை டீ-ஷர்ட் போதும், வெயிலுக்கும் அதுவே நல்லது. யாரும் உங்களைப் பார்க்கப் போவதில்லை, எல்லாரும் அவரவர் படம் எடுப்பதில் மும்முரமாக இருப்பார்கள்.

கேள்வி: கடைசி நாள் காலை ஸ்கூபா முக்குளிப்பு, மதியம் சென்னை விமானம். முடியுமா?
– கோவை வாசகர்

பதில்: கூடாது. கடலடி அழுத்தத்தில் இருந்த உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும், அது வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழியாக மாறி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். ஒரே ஒரு முறை இறங்கினவர்களுக்கே குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கினால் 18 மணி நேரம் என்பது முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லும் கணக்கு. 24 மணி நேரம் விட்டுவிட்டால் கணக்கே வேண்டாம். ஸ்கூபாவை முதல் நாளுக்கு மாற்றுங்கள். மூக்கடைப்பு, ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், படிவத்தில் எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று டிக் அடிக்கிற பழக்கம் அங்கே உதவாது.

கேள்வி: மணலில் கிடக்கிற சங்கு, செத்த பவளத் துண்டு, இதைக்கூட எடுத்துவரக் கூடாதா? என் மகள் அழுகிறாள்.
– திருச்சி வாசகி

பதில்: கூடாதும்மா. பவளம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இணையான முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்ததா உயிரோடு இருந்ததா என்று அது பார்ப்பதில்லை. விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது எடுத்துவிடுவார்கள், அங்கே நின்று அழுவதைவிடக் கடற்கரையிலேயே அழுது முடிப்பது சுலபம். காலி என்று நினைக்கிற சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கும். ஒரு சங்கை மணலில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி அசையாமல் உட்காரச் சொல்லுங்கள், சங்கு எழுந்து நடக்கும். அழுகை நின்றுவிடும்.

கேள்வி: கடலில் நீந்தும் யானை இன்னும் இருக்கிறதா?
– தஞ்சாவூர் வாசகர், வயது 10

பதில்: இல்லை, தம்பி. ராஜன் என்று பெயர். மரம் இழுக்கக் கொண்டுவந்த யானை, வயதாகி 2016இல் இறந்துவிட்டது.

கேள்வி: கப்பல் பயணத்தில் வாந்தி வரும். போகும் வழியிலேயே படுத்துவிட்டால் என்ன செய்வது?
– மதுரை வாசகி

பதில்: போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லாக் தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் வாக்கில் ஆகும். வெறும் வயிறும் வேண்டாம், பூரி கிழங்கும் வேண்டாம். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். பிள்ளைகளுக்கு எது, எவ்வளவு என்று ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். உட்காரும் இடம் கீழ்த்தளத்தில், நடுவில். கைபேசியைப் பார்க்காதீர்கள், தூரத்துக் கடல்விளிம்பைப் பாருங்கள்.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தீவில் ஏடிஎம் குறைவு, நெட்வொர்க் போனால் ஜிபே-யும் போய்விடும். மாலையில் மணல்ஈ கடிக்கும், அரிப்பு ஒரு வாரம் இருக்கும், காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

முக்கியமானது இது: வானிலை கெட்டால் படகை ரத்து செய்துவிடுவார்கள், யாரையும் திட்டிப் பயனில்லை. ஹாவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வந்து அன்றே மதிய விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். கடைசி இரவு போர்ட் பிளேரில் தங்குங்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய, முருகன் கோயில் இருக்கிறது, இட்லியும் கிடைக்கும்.